வாசகர் கேள்வி – பதில்: எழுத்து வரிசையை வைத்து நொதியின் வேலையை அறிவது

பாக்டீரியாக்கள் அமினோ அமிலங்களை ஆக்குவதற்குப் பயன்படுத்தும் நொதிகளைப் புரத வரிசை ஒப்பீட்டின் மூலம் அடையாளம் காண்பது குறித்து வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களுக்குச் சேர்த்து விடையளிக்கப்பட்டுள்ளது.

கேள்வி: ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தவுடன், ‘இது ஹிஸ்டிடின் ஆக்கும் நொதி, இது லூசின் ஆக்கும் நொதி’ என்று ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்குப் பெயர் எழுதிவிடுகிறார்கள். ஆய்வகத்தில் ஒன்றையும் தொட்டுப் பார்க்காமல் இது எப்படி இயலுகிறது?
(முதுகலை நுண்ணுயிரியல் மாணவி, திருச்சி)

பதில்: வேறொரு பாக்டீரியாவில் முன்பே தொட்டுப் பார்த்தவர்கள் இருந்ததால் இயலுகிறது. மனித உடல் 9 அமினோ அமிலங்களை உணவிலிருந்தே பெற வேண்டியிருக்க, ஈ. கோலை பாக்டீரியா குளுக்கோசும் சில உப்புகளும் மட்டும் கரைந்த நீரில் 20 அமினோ அமிலங்களையும் தானே ஆக்கிக்கொண்டு வளர்கிறது. இத்திறனை இழந்த திரிபுகளை உண்டாக்கி, எந்தப் பொருளைக் கொடுத்தால் அவை மீண்டும் வளர்கின்றன என்று பார்த்து, ஒவ்வொரு படியையும் நடத்தும் நொதியை உயிர்வேதியியலாளர்கள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒன்றொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் காலத்துப் பணிகளில் குறிப்பிடத்தக்கது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் யனோஃப்ஸ்கியின் குழு டிரிப்டோஃபேன் சிந்தேஸ் நொதியைக் கொண்டு செய்தது. மரபணுவில் திரிபுகள் அமைந்த ஒழுங்கும் புரதத்தில் அமினோ அமிலங்கள் மாறிய ஒழுங்கும் ஒன்றே என்பதை அக்குழு 1964இல் காட்டியது. இன்று கணினி ஒரு புதிய மரபணுவுக்குப் பெயர் சூட்டும்போது, இத்தகைய பழைய சோதனை ஒன்றின் முடிவைத்தான் பெரும்பாலும் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்கிறது.

எடுத்துச் செல்வதற்கு வழி, இரண்டு புரதங்களின் அமினோ அமில வரிசைகளை, அமினோ அமிலம் ஒன்றுக்கு ஓர் எழுத்தாக எழுதி, எதிரெதிரே நிறுத்தி மதிப்பெண் இடுவது. மதிப்பெண் அட்டவணைகளுள் மிகுதியாகப் பயன்படுவது 1992இல் வெளியான பிளோசம்-62. அதில் டிரிப்டோஃபேனுக்கு நேரே டிரிப்டோஃபேன் வந்தால் 11, அலனினுக்கு நேரே அலனின் வந்தால் 4, ஐசோலூசினுக்கு நேரே வேலின் வந்தால் 3, டிரிப்டோஃபேனுக்கு நேரே அஸ்பார்ட்டேட் வந்தால் மைனஸ் 4. டிரிப்டோஃபேன் புரதங்களில் அரிதாகவே காணப்படுகிறது, இருக்கும் இடத்தில் எளிதில் மாறுவதும் இல்லை. ஆகவே அது இரண்டு வரிசைகளிலும் ஒரே இடத்தில் நின்றால் அதற்கு எடை அதிகம். ஐசோலூசினும் வேலினும் வடிவிலும் தன்மையிலும் நெருக்கமானவை என்பதால், பரிணாமத்தில் ஒன்றின் இடத்தை மற்றொன்று அடிக்கடி பிடித்திருக்கிறது. அட்டவணை அதையும் கணக்கில் கொள்கிறது. ஒரு வரிசையில் சில எழுத்துகள் விடுபட்டிருந்தால் அதற்கு மதிப்பெண் குறைக்கப்படும். மிக உயர்ந்த மதிப்பெண் தரும் பொருத்தத்தைத் தவறாமல் கண்டுபிடிக்கும் முறையை ஸ்மித்தும் வாட்டர்மேனும் 1981இல் வகுத்தார்கள். ஆனால் இலட்சக்கணக்கான புரதங்களோடு ஒப்பிட அது மெதுவானது. 1990இல் வந்த பிளாஸ்ட் என்ற கணினி நிரல், மூன்றெழுத்துத் துண்டுகள் பொருந்தும் இடங்களை முதலில் தேடி, அங்கிருந்து இருபுறமும் நீட்டிப் பார்ப்பதால், சிறிதளவு துல்லியத்தை விட்டுக்கொடுத்துப் பேரளவு வேகத்தைப் பெற்றது. 1995இல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சே என்ற பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியானபோது மரபணுக்களுக்குப் பெயரிட இத்தகைய ஒப்பீடே கைகொடுத்தது.

இந்த முறையின் எல்லையும் தொடக்கத்திலேயே தெரிந்தது. 1997இல் ஈ. கோலையின் தொகுதி வெளியானபோது அதில் குறிக்கப்பட்ட 4,288 புரத மரபணுக்களில் 38 விழுக்காட்டுக்கு எந்த வேலையும் குறிப்பிட முடியவில்லை. உலகிலேயே மிகுதியாக ஆராயப்பட்ட பாக்டீரியாவின் நிலை அது.

கேள்வி: மண்ணிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த பாக்டீரியாவில் ஒரு புரதம், லூசின் ஆக்கும் பாதையின் முதல் நொதியாகிய ஐசோபுரொப்பைல்மாலேட் சிந்தேசோடு 38 விழுக்காடு ஒத்திருக்கிறது. ஈ-மதிப்பு 10⁻⁸⁰. இதுவும் அதே நொதிதான் என்று கட்டுரையில் எழுதலாமா?
(ஆய்வு மாணவர், மதுரை)

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். இவ்வளவு உயர்ந்த மதிப்பெண் கொண்ட பொருத்தங்கள், இந்த அளவுள்ள தரவுத்தளத்தில் தற்செயலாக எத்தனை கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம் என்பதையே ஈ-மதிப்பு சொல்கிறது. தரவுத்தளம் இரு மடங்கானால் அதே பொருத்தத்தின் ஈ-மதிப்பும் இரு மடங்காகும். தங்களுக்குக் கிடைத்த மதிப்பிலிருந்து ஐயமின்றித் தெரிவது, இரண்டு புரதங்களும் ஒரே மூதாதைப் புரதத்திலிருந்து வந்தவை என்பது. அவை இன்று ஒரே வேலையைச் செய்கின்றனவா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் விடை இல்லை. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தச்சராகவும் தம்பி கொல்லராகவும் இருப்பது போல, உறவுடைய புரதங்கள் வெவ்வேறு வேலைகளில் அமர்ந்திருப்பது நொதிகளிடையே மிகச் சாதாரணம்.

தாங்கள் எடுத்துக்கொண்ட குடும்பமே இதற்குத் தக்க சான்று. ஐசோபுரொப்பைல்மாலேட் சிந்தேஸ் அசெட்டைல் கோஎன்சைம்-ஏவைக் கீட்டோஐசோவாலரேட் என்ற பொருளோடு சேர்க்கிறது. அங்கிருந்து லூசின் பாதை தொடங்குகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹோமோசிட்ரேட் சிந்தேஸ் அதே அசெட்டைல் கோஎன்சைம்-ஏவை ஆக்சோகுளுட்டரேட்டோடு சேர்க்கிறது. அதன் விளைபொருள் சில உயிரிகளில் லைசினுக்கும், நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்களில் நைட்ரஜனேஸ் நொதியின் உலோகத் தொகுதிக்கும் போகிறது. மூன்றாமதான சிட்ராமாலேட் சிந்தேஸ் பைருவேட்டோடு சேர்க்கிறது. அது ஐசோலூசினுக்கான வழி. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா இன்டெரோகன்ஸில், திரியோனினிலிருந்து ஐசோலூசினை ஆக்கும் வழக்கமான பாதையின் முதல் நொதி காணப்படவில்லை. அந்தப் பாக்டீரியா பைருவேட் வழியாகவே ஐசோலூசினை ஆக்குகிறது என்பதும், அதற்கான சிட்ராமாலேட் சிந்தேஸ் எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்பதும் 2004இல் சோதனை மூலம் நிறுவப்பட்டன. வரிசை ஒப்பீட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த மரபணு லூசின் பட்டியலில் இன்னொரு பெயராக நின்றிருக்கும்.

இன்னும் நுணுக்கமான ஒரு வேறுபாடும் உண்டு. ஆர்ஜினின் பாதையில் ஆர்னிதின் கார்பமோயில் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி உள்ளது. முட்டைக்கோசுக்குக் கருப்பழுகல் நோயைத் தரும் சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸில் இதன் உறவுப் புரதம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஆர்னிதினைத் தொடுவதில்லை, அசெட்டைல் ஆர்னிதினை எடுத்துக்கொள்கிறது. குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் ஃபிராஜிலிஸில் உள்ளது சக்சினைல் ஆர்னிதினை எடுத்துக்கொள்கிறது. சாந்தோமோனாஸ் நொதியின் 92ஆம் இடத்திலுள்ள குளுட்டமேட்டை மாற்றினாலே அதன் விருப்பம் அசெட்டைலிலிருந்து சக்சினைலுக்குத் திரும்பிவிடுகிறது என்பது 2007இல் காட்டப்பட்டது. முன்னூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துகளில் ஒன்று மாறினால் ஒத்த விழுக்காட்டில் அது கண்ணுக்கே தெரியாது, வேலையோ மாறிவிடும்.

எனவே செய்யத்தக்கவை இரண்டு. முதலாவதாக, தங்கள் புரதத்தை இந்தக் குடும்பத்தில் சோதனை மூலம் வேலை நிறுவப்பட்ட எல்லா உறுப்பினர்களோடும் ஒப்பிட்டு, அது லூசின் நொதிக்கு மட்டும் நெருக்கமா, சிட்ராமாலேட் நொதிக்கும் ஏறத்தாழ அதே அளவு நெருக்கமா என்று பாருங்கள். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட கேப்மைண்டு என்ற கருவி இதையே விதியாக வைத்திருக்கிறது: வேலை நிறுவப்பட்ட புரதத்தோடு 40 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்க வேண்டும், பொருத்தம் அந்தப் புரதத்தின் நீளத்தில் 80 விழுக்காட்டையாவது தழுவ வேண்டும், வேறு வேலை செய்வதாக அறியப்பட்ட புரதத்தோடு இதைவிட நெருங்கியிருக்கக் கூடாது. அப்போதுதான் அது உயர் நம்பிக்கை என்ற பிரிவில் சேர்க்கப்படுகிறது. முதல் இரண்டு நிபந்தனைகளைப் பலரும் பின்பற்றுகிறார்கள். மூன்றாவதே முக்கியமானது என்பது என் கருத்து, அதுவே மிகுதியாகக் கைவிடப்படுவதும். இரண்டாவதாக, வினைபடுபொருளைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் அமினோ அமிலங்கள் தங்கள் புரதத்தில் எந்தக் குடும்ப உறுப்பினரைப் போல உள்ளன என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

கேள்வி: காசநோய்க் கிருமி டிரிப்டோஃபேனைத் தானே ஆக்குகிறது, ஆனால் அதன் மரபணுத் தொகுதியில் அந்தப் பாதைக்குரிய டிரிப்-எஃப் மரபணு இல்லை என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?
(மருத்துவ மாணவி, சென்னை)

பதில்: இரண்டும் உண்மைதான். வரிசை ஒப்பீடு என்ற முறையின் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்டும் நிகழ்வு வேறொன்றை இவ்வளவு தெளிவாக நான் அறியேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டிரிப்டோஃபேன் பாதையில் டிரிப்-எஃப் என்ற நொதி, பாஸ்போரிபோசைல் ஆந்த்ரனிலேட் என்ற பொருளில் சர்க்கரைப் பகுதியின் வளையத்தைத் திறந்து அணுக்களை இடம் மாற்றி அடுக்குகிறது. வேதியியலார் இதை அமடோரி மறுசீரமைப்பு என்பர். ஹிஸ்டிடின் பாதையில் ஹிஸ்-ஏ என்ற நொதி, வேறொரு பெரிய மூலக்கூறில் இதே வகை மறுசீரமைப்பைச் செய்கிறது. இரண்டு நொதிகளும் எட்டு இழைகளும் எட்டுச் சுருள்களும் சேர்ந்த பீப்பாய் வடிவம் கொண்டவை. ஆனால் வரிசையில் அவற்றின் ஒற்றுமை மிகக் குறைவு. ஒன்றைக் கொண்டு தேடினால் மற்றொன்று பொதுவாக வந்து நிற்காது.

1998இல் காசநோய்க் கிருமியின் தொகுதி, ஏறத்தாழ 44 இலட்சம் டிஎன்ஏ எழுத்துகளும் 4,000 மரபணுக்களுமாக வெளியானது. டிரிப்டோஃபேன் பாதையின் ஏனைய நொதிகளுக்கு மரபணுக்கள் கிடைத்தன, டிரிப்-எஃப்புக்குக் கிடைக்கவில்லை. அதே இன வழியில் சற்றுத் தொலைவில் நிற்கும் மண்வாழ் பாக்டீரியாவான ஸ்டிரெப்டோமைசிஸ் கோலிகலரிலும் இதே வெற்றிடம் இருந்தது. அதுவும் டிரிப்டோஃபேன் இல்லாத ஊடகத்தில் வளரக்கூடியது. பரோனா-கோமெஸ், ஹாட்ஜ்சன் என்ற இருவர் 2003இல் இதற்கு விடை கண்டார்கள். ஹிஸ்-ஏ என்று பெயரிடப்பட்டிருந்த மரபணுவை ஸ்டிரெப்டோமைசிஸில் நீக்கியபோது அந்தப் பாக்டீரியாவுக்கு ஹிஸ்டிடின் மட்டுமன்றி டிரிப்டோஃபேனும் தேவைப்பட்டது. ஒரே நொதி இரண்டு பாதைகளிலும் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குப் பிரி-ஏ என்று புதுப்பெயர் இட்டார்கள். காசநோய்க் கிருமியிலும் உள்ளது பிரி-ஏவே. அது இரண்டு வெவ்வேறு அளவுள்ள வினைபடுபொருள்களைப் பற்றிக்கொள்ளத் தன் வினை நடக்கும் இடத்தையே இரு விதமாக மாற்றியமைத்துக்கொள்கிறது என்பது 2011இல் அதன் படிகக் கட்டமைப்பிலிருந்து தெரிந்தது.

இங்கே கணினி தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஹிஸ்-ஏ’ என்று அது சொன்னது சரி. அந்தப் புரதம் ஹிஸ்-ஏவின் வேலையைச் செய்கிறது. விடையில் பாதிதான் கிடைத்தது. ஒரு புரதத்துக்கு ஒரு பெயர் கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடும் பழக்கமே மீதிப் பாதியை மறைத்தது. அதே இன வழியில் கோரைனிபாக்டீரியம் போன்றவை வேறு பாக்டீரியாவிலிருந்து டிரிப்டோஃபேன் மரபணுக்களைத் தொகுப்பாகப் பெற்றுக்கொண்டன. அவற்றில் தனி டிரிப்-எஃப் வந்து சேர்ந்தபின், பழைய பிரி-ஏ தன் இரண்டாம் வேலையைப் படிப்படியாக இழந்து ஹிஸ்டிடினுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. ஆகவே பக்கத்து இனத்தில் டிரிப்-எஃப் இருக்கிறதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் குடும்பத்துப் புரதம் எதற்கும் பெயர் எழுதுவது பொருந்தாது.

காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தாங்கள் கேட்டதற்கு ஒரு வரி: நம் நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமி தங்கியிருக்கும் செல்லில் டிரிப்டோஃபேனைக் குறைத்து அதைப் பட்டினி போட முயல்வதையும், கிருமி தானே டிரிப்டோஃபேனை ஆக்கிக்கொண்டு தப்பிப்பதையும் 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கேள்வி: ஒரே வினையைச் செய்யும் இரண்டு நொதிகள் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவையாக இருக்கலாமா? மாணவர்கள் கேட்கும்போது எந்த எடுத்துக்காட்டைச் சொல்லலாம்?
(உயிரியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: இருக்கலாம், அமினோ அமிலப் பாதைகளில் இது அரிதும் அன்று. மாணவர்களுக்கு எளிதில் விளங்குவது மெத்தியோனினின் கடைசிப் படி. ஈ. கோலையில் இதற்கு இரண்டு நொதிகள் உள்ளன. மெட்-எச் என்பது வைட்டமின் பி-12இன் துணையோடு மட்டுமே இயங்கும். மெட்-ஈ அது இல்லாமலே இயங்கும். ஈ. கோலை தானாக பி-12ஐ முழுமையாக ஆக்காது என்பதால், அது கிடைக்கும்போது ஒன்றும் கிடைக்காதபோது மற்றொன்றுமாகப் பயன்படுகின்றன. இரண்டின் வரிசைகளுக்கும் இடையே ஒற்றுமை எதுவும் இல்லை.

நறுமண அமினோ அமிலங்களுக்கான ஷிகிமேட் பாதையில் மூன்றாம் படியைச் செய்யும் டிஹைட்ரோகுயினேஸ் இரண்டு வகைப்படும். ஈ. கோலையில் உள்ள முதல் வகை, வினைபடுபொருளை ஒரு லைசினோடு தற்காலிகமாகப் பிணைத்துக்கொண்டு வேலை செய்கிறது. காசநோய்க் கிருமியில் உள்ள இரண்டாம் வகையின் வரிசையும் வடிவமும் வினை நிகழும் முறையும் முற்றிலும் வேறு. முதல் வகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடுபவர் காசநோய்க் கிருமியில் அந்தப் படியே இல்லை என்று முடிவு கட்டுவார்.

உறவே இல்லாத நொதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாணவர்கள் அடுத்துக் கேட்கக்கூடும். மரபணுவின் அண்டை அயலைப் பார்ப்பது ஒரு வழி. ஒரே பாதையைச் சேர்ந்த மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆர்க்கியா என்ற தனிப் பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிரிகளில் ஷிகிமேட் கைனேஸ் என்ற நொதி நெடுநாள் காணப்படாமல் இருந்தது. அந்தப் பாதையின் ஏனைய மரபணுக்களுக்கு அருகே பல ஆர்க்கியாக்களில் திரும்பத் திரும்ப வந்து நின்ற, வேறொரு கைனேஸ் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுவை எடுத்துச் சோதித்து, அதுவே தேடிய நொதி என்று 2001இல் நிறுவினார்கள்.

கேள்வி: ஒரு பாக்டீரியாவின் தொகுதியில் ஏதேனும் ஒரு படிக்கு நொதி கிடைக்கவில்லை என்றால், அது அந்த அமினோ அமிலத்தை வெளியிலிருந்து பெறுகிறது என்று கொள்ளலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: அவசரப்பட்டுக் கொள்ளக் கூடாது. அமினோ அமிலம் எதுவும் சேர்க்காத ஊடகத்தில் நன்றாக வளரும், ஆனால் கணினிக் கணக்கில் பாதைகள் அறுந்து தோன்றிய 10 பேரினங்களின் பாக்டீரியாக்களை மார்கன் பிரைசும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். இருக்கும் அறிவைக் கொண்டு நிரப்ப முடியாத 11 இடைவெளிகள் அவற்றில் இருந்தன. ஒவ்வொரு மரபணுவையும் குலைத்த திரிபுகளைப் பேரளவில் உண்டாக்கி, எவை அமினோ அமிலம் இல்லாதபோது தளர்கின்றன என்று அளந்து, 11இல் 9 இடைவெளிகளுக்கு உரிய நொதிகளைக் கண்டார்கள். தனித்து வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 20 அமினோ அமிலங்களையும் ஆக்கக்கூடியவை என்பது அவர்கள் எடுத்த முடிவு.

சில வேளைகளில் படியே வேறு இடத்தில் நடக்கும். டீனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ், அஸ்பாரஜினைத் தனி மூலக்கூறாக ஆக்காமல், புரதம் ஆக்கும் இடத்துக்கு அமினோ அமிலத்தைக் கொண்டுசெல்லும் கடத்தும் ஆர்என்ஏவில் ஏற்றப்பட்ட அஸ்பார்ட்டேட்டை அங்கேயே அஸ்பாரஜினாக மாற்றுகிறது. அதில் அஸ்பாரஜின் சிந்தேசைத் தேடுவதில் பயனில்லை.

உண்மையிலேயே இழந்தவையும் உண்டு. மனித உடலில் ஒட்டுண்ணியாக வாழும் மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியத்தில் அமினோ அமிலம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ எதுவும் இல்லை. இதற்கு எதிர்மாறாக, அசுவினிப் பூச்சியின் உடலுக்குள் வாழும் புக்னெரா தன் தொகுதியை 6.4 இலட்சம் எழுத்துகளாகச் சுருக்கிக்கொண்ட பின்னும், பூச்சிக்குத் தேவையான அமினோ அமிலங்களை ஆக்கும் மரபணுக்களைக் காத்து வைத்திருக்கிறது. பூச்சி தானே ஆக்கக்கூடியவற்றுக்கு உரியவற்றையே இழந்திருக்கிறது. எங்கே வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு இடைவெளியைப் படிக்க வேண்டும்.

கேள்வி: ஒரே புரதத்துக்கு ஒரு தரவுத்தளம் ஒரு பெயரும் மற்றொன்று வேறு பெயரும் தருகின்றன. எதை நம்புவது?
(மென்பொருள் துறையிலிருந்து உயிர்த்தகவலியலுக்கு மாறிய வாசகர், பெங்களூரு)

பதில்: பெயரைப் பார்த்தவுடன், அது எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். சுவிஸ்-புரோட் தரவுத்தளத்தின் பதிவுகளை வல்லுநர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் திருத்துகிறார்கள். அங்கும் பல பதிவுகள் ஒற்றுமையின் அடிப்படையில் பெயர் பெற்றவையே, ஆனால் அப்படி என்று பதிவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தானியங்கியாகப் பெயரிடும் பெரிய தரவுத்தளங்களில் ஒரு ஊகத்திலிருந்து அடுத்த ஊகம் பிறந்து, நான்காம் ஐந்தாம் தலைமுறையில் மூலச் சோதனையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் போய்விடுகிறது. பட்ரிசியா பாபிட் குழுவினர் 2009இல் 37 நொதிக் குடும்பங்களைச் சரிபார்த்தபோது, சுவிஸ்-புரோட்டில் தவறு ஏறத்தாழ இல்லை என்றும், ஏனைய தரவுத்தளங்களில் குடும்பத் தொகுதிகளைப் பொறுத்துத் தவறான பெயர்கள் சராசரியாக 5 முதல் 63 விழுக்காடு வரை இருந்தன என்றும் கண்டார்கள்.

தாங்கள் எடுத்துக்காட்டாக அனுப்பிய ஹிஸ்-பி என்ற ஹிஸ்டிடின் நொதியின் பெயர்க் குழப்பம், இரண்டு நொதிகள் ஒரே புரதமாக இணைந்திருப்பதால் வந்தது. ஈ. கோலையின் ஹிஸ்-பி 355 அமினோ அமிலங்கள் நீளமுள்ளது. ஹிஸ்டிடின் பாதையின் இரண்டு படிகளைச் செய்யும் இரண்டு பகுதிகள் அதில் ஒட்டியிருக்கின்றன. பேசில்லஸ் சப்டிலிஸின் ஹிஸ்-பி ஏறத்தாழ 200 அமினோ அமிலங்களே கொண்டது. பின்பகுதி மட்டும் அதில் உண்டு. முன்பகுதி செய்யும் பாஸ்பேட் நீக்கத்தை அங்கே வேறு குடும்பத்து நொதி ஒன்று செய்கிறது. ஈ. கோலையின் பெயரை அப்படியே இறக்குமதி செய்யும் நிரல், பேசில்லஸ் புரதத்துக்கும் ‘இருபணி நொதி’ என்று எழுதிவிடும். பொருத்தம் எந்த எழுத்தில் தொடங்கி எந்த எழுத்தில் முடிகிறது என்ற இரண்டு எண்களை நிரலின் வெளியீட்டில் காட்டச் செய்தாலே இந்த வகைத் தவறுகள் பெரும்பாலும் பிடிபடும்.

கேள்வி: களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்கும் பாக்டீரியாவின் அமினோ அமில நொதிக்கும் என்ன தொடர்பு?
(வேளாண் பட்டதாரி, தஞ்சாவூர்)

பதில்: ஷிகிமேட் பாதை பாக்டீரியாக்களிலும் பூஞ்சைகளிலும் தாவரங்களிலும் உண்டு, மனிதரிலும் பிற விலங்குகளிலும் இல்லை. அதன் ஆறாம் படியைச் செய்யும் இபிஎஸ்பி சிந்தேசைக் கிளைபோசேட் அடைத்துவிடுவதால் செடி மடிகிறது. களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவுக்கு 1996 முதல் பயன்படும் மரபணு, அக்ரோபாக்டீரியம் சிபி-4 என்ற பாக்டீரியாவின் இபிஎஸ்பி சிந்தேஸ். அது ஈ. கோலையின் நொதியோடு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஒத்திருந்தும் அதே வினையைச் செய்கிறது. ஈ. கோலையில் 96ஆம் இடத்தில் கிளைசின் நிற்க, சிபி-4இல் அதற்கு நேரான 100ஆம் இடத்தில் அலனின் நிற்பதால், கிளைபோசேட் வழக்கமான நிலையில் பொருந்தி அமர முடிவதில்லை. ஒற்றுமை குறைவு என்பதால் வேலை வேறு என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு, மதுரை வாசகருக்கு எழுதிய பதிலின் மறுபக்கமாக இதைக் கொள்ளலாம்.

கேள்வி: ஆல்ஃபாஃபோல்டு புரதத்தின் வடிவத்தையே கணித்துத் தருகிறதே. இனி வரிசை ஒப்பீடும் ஆய்வகச் சோதனையும் தேவையா?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: வடிவக் கணிப்பு 2021 முதல் எல்லோர் கைக்கும் வந்தது பெரிய உதவி. வரிசைகள் 20 விழுக்காடு அளவுக்குத் தேய்ந்து, பிளாஸ்ட் கைவிட்ட இடங்களிலும் வடிவத்தை ஒப்பிட்டு உறவைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஹிஸ்-ஏ, டிரிப்-எஃப், பிரி-ஏ ஆகிய மூன்றும் பீப்பாய் வடிவமே. அந்த வடிவம் வேறு எத்தனையோ நொதிகளுக்கும் உண்டு. சென்னை வாசகியின் கேள்வியை வடிவம் மட்டும் தீர்த்திருக்காது.

சோதனையில்கூடக் கவனம் வேண்டும். வழக்கமான முறை, அந்த நொதி நீக்கப்பட்ட ஈ. கோலையில் ஐயத்துக்குரிய மரபணுவைச் செலுத்தி, அது மீண்டும் வளர்கிறதா என்று பார்ப்பது. ஈ. கோலையில் தனித்தனியே மரபணு நீக்கிய 3,985 வகைகள் கொண்ட கெயோ தொகுப்பு 2006இல் ஜப்பானிலிருந்து வந்தபின் இது எளிதாகிவிட்டது. ஆனால் அதே தொகுப்பிலிருந்து, அமினோ அமிலம் போன்றவை சேர்க்காத குறைந்தபட்ச ஊடகத்தில் வளராத 104 வகைகளை எடுத்து, ஈ. கோலையின் பிற மரபணுக்களை அளவுக்கு மீறி இயக்கிப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வகைகள் உறவற்ற வேறு மரபணுவின் உதவியாலும் உயிர் பிழைத்தன. செரினின் கடைசிப் படியான பாஸ்பேட் நீக்கத்தைச் செய்யும் செர்-பி இல்லாதபோது, மேலே சொன்ன ஹிஸ்-பி உள்ளிட்ட வேறு பாஸ்பேட் நீக்கிகள் அந்த இடத்தை ஈடுசெய்தன. ஆகையால், செலுத்திய மரபணு வளர்ச்சியை மீட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து, அதன் சொந்த வேலையும் அதுவே என்று எழுத இயலாது. அதன் சொந்தப் பாக்டீரியாவில் அந்த மரபணுவை நீக்கினால் அதே அமினோ அமிலம் தேவைப்படுகிறதா என்று பார்ப்பதும், தூய்மைப்படுத்திய நொதி எவ்வளவு விரைவாக வினையை நடத்துகிறது என்று அளப்பதும் சேர்ந்தால், பெயரை எழுதலாம்.